என்னைப் பார்த்து எரியாத வயிறு

பொறாமைப்படுவதில் பேஜாருவை மிஞ்ச ஆள் கிடையாது. எண்ணூரில் ஆரம்பித்து ராயபுரம் வரை தெருத் தெருவாகத் தேடினாலும் அப்படி ஒருத்தன் அகப்பட மாட்டான். நாமும்தான் பொறாமைப்படுகிறோம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை ஏதோ கெட்ட பழக்கம் மாதிரி ஒளித்துவைத்துக்கொண்டு படுகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் "ரொம்ப சந்தோஷம் சார்" என்று கைகொடுத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து கதவை அறைந்து சாத்துகிறோம். பேஜாரு பொறாமையைக் கூடத்தின் நடுவே கொண்டுவந்து வைத்து, விளக்கைப் போட்டு, ஊரைக் கூப்பிட்டுக் காட்டியவன். அவன் வயிறு யார் யாருக்கோ எரிந்தது. எனக்கு மட்டும் எரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அவனுடைய நிஜப் பெயரைச் சொன்னால் கச்சேரிக்குப் போகிற பழக்கமுள்ள உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். சொல்ல மாட்டேன். காரணம் வேறொன்றுமில்லை, பொறாமைதான்.

எட்டொன்பது வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் ஒரு டிரஸ்ட்காரர்கள் கோடை விடுமுறையில் கர்நாடக சங்கீத முகாம் நடத்தினார்கள். வளர்ந்துவரும் இளம் கலைஞர்களைப் பாடியும் வாசித்தும் அனுப்பச் சொல்லி, அதில் ஒரு டஜன் பேரைப் பொறுக்கி எடுத்து, மே மாதம் முழுக்க ஒரே இடத்தில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. சங்கீதம் என்றால் மயிலாப்பூர் என்று ஆகிவிட்ட ஊரில் எதற்குத் திருவொற்றியூர் என்று எங்களுக்கெல்லாம் சந்தேகம். டிரஸ்ட் செயலாளர் முதல் நாள் மைக்கைப் பிடித்து ஊரின் கோயில் பெருமை, கடல் பெருமை, பழம்பெருமை எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் பள்ளிக்கூடம் லீவில் சும்மா கிடந்ததால் வாடகையில்லாமல் கிடைத்தது என்று உண்மையையும் சொல்லிவிட்டார். நல்ல மனிதர்.

ஆகவே எல்.கே.ஜி. வகுப்பில் பெண்கள் படுத்துக்கொண்டோம். சுவர் முழுக்கக் கரடி, முயல், யானை. ஆறாம் வகுப்பில் பையன்கள். மற்ற அறைகளில் சாதகம். ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் நாள் முழுக்க வரிசை கட்டி நிற்கும். காற்று மணலித் தொழிற்சாலைகள் பக்கத்திலிருந்து அடித்தால் யாராவது ஒருத்தர் தும்மிக்கொண்டே ஆலாபனை செய்வார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் காலடிப்பேட்டை. இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி வீட்டை வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் தங்கியவள் நான் ஒருத்திதான்.

நான் வயலின். அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை. தாத்தா காலத்தில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து போட்டது. விசைப்படகுக்காரர்களுக்குச் செயின், கயிறு, கம்பெனிகளுக்கு நட்டு, போல்ட். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்பா என் வயலினைப் பொறுத்துக்கொண்டார். பிளஸ் டூ முடிந்ததும் ஒரு முடிவுக்கு வரவேண்டும் என்றார். சொந்தக்காரர்கள், டீச்சர்மார், அம்மா எல்லோரும் நான் நன்றாக வாசிப்பதாகச் சொல்லியும் அவர் அசையவில்லை. அவர் வியாபாரி. அவரிடம் வேறு தராசு இருந்தது.

"ஏளா, நம்ம சரக்க நாமளே நல்ல சரக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கக் கூடாது. வாங்குதவனும் மூஞ்சிக்கு நேரா நல்லாருக்குன்னுதான் சொல்லுவான். எதிர்க்கடைக்காரனுக்கு வயிறு எரியுதா, அதப் பாரு. எரிஞ்சா நீ வயலின் வாசி. இல்லன்னா ஜூன்ல பி.காம்., சாயங்காலம் கடை."

அந்த நிபந்தனையோடுதான் முகாமுக்குள் நுழைந்தேன். மே மாதத்துக்குள் எவனாவது ஒரு வயலின்காரனுக்கு என்னைப் பார்த்து வயிறு எரிய வேண்டும். முகாமில் என்னைத் தவிர ஒரே ஒரு வயலின்தான் இருந்தது. ராயபுரத்திலிருந்து வந்திருந்த ஒல்லியான பையன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். தலைமுடி நெற்றியில் விழுந்துகொண்டே இருக்கும், அதை ஊதி ஊதித் தள்ளிக்கொண்டே வாசிப்பான். இவன்தான் என் எதிர்க்கடை என்று அன்றைக்கே குறித்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒவ்வொருவரும் கொஞ்சம் பாடியோ வாசித்தோ காட்ட வேண்டும். நங்கநல்லூரிலிருந்து வந்த நந்தினி காம்போதி பாடினாள். நன்றாகத்தான் பாடினாள், அதற்கு இப்போது என்ன செய்வது. முடிந்ததும் எல்லோரும் "ரொம்ப நன்னாருக்கு", "அருமை", "பேஷ்" என்று வழக்கமான சாமான்களை எடுத்துவிட்டோம். பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"எனுக்கு வவுறு எரியுது."

ராயபுரத்துப் பையன்தான். செயலாளர் பதறிப்போனார். வெளியூரிலிருந்து பிள்ளைகளை வரவழைத்து வைத்திருக்கிறோம், முதல் நாளே ஒருத்தனுக்கு அல்சரா என்று ஓடிப்போய் வயிற்றுப் புண்ணுக்கான ரோஸ் மருந்தை ஒரு மூடி ஊற்றிக்கொண்டு வந்தார். அவன் மரியாதையாக வாங்கிக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு, இது அந்த எரிச்சல் இல்லை சார், இந்தப் பொண்ணு பாடுறதைக் கேட்டு வருகிற எரிச்சல், இதற்கு மருந்து கிடையாது என்று விளக்கினான். செயலாளருக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டு சமையல்காரரிடம் போய், இனிமேல் முகாம் சாப்பாட்டில் மிளகாயே கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து மே மாதம் முழுக்க நாங்கள் தின்றது வெள்ளரிக்காய்க் கூட்டும் நீர் மோரும். ஒருத்தன் பொறாமைப்பட்டதற்கு ஒரு டஜன் பேர் பத்தியம் இருந்தோம்.

பேஜாரு என்ற பெயர் இரண்டாம் நாள் வந்தது. எங்களுக்கு வயலின் வகுப்பு எடுத்த டீச்சரம்மா கறாரானவர். வில்லைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தே நம் பரம்பரையைத் திட்டுவார். வயலினில் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு ஜாரு என்று பெயர். எல்லோரும் செய்வதுதான். ஆனால் இவன் மேல் ஸட்ஜத்தில் புறப்பட்டானென்றால் நீங்கள் எழுந்துபோய் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து உட்காரலாம், பஞ்சமத்துக்கு வந்து சேர்ந்திருக்க மாட்டான். வந்து சேரும்போது உங்கள் கண் கலங்கியிருக்கும். டீச்சரம்மாவுக்கும் கலங்கியது. அதை மறைப்பதற்காகவோ என்னவோ கோபமாக, "அளவோட பண்ணினா ஜாரு. நீ பண்றது பேஜாருப்பா" என்றார். வகுப்பே சிரித்தது. அவனுக்கு வருத்தமா என்றால், இல்லை. அன்று சாயங்காலமே வாட்ஸ்ஆப்பில் பெயரை மாற்றிவிட்டான்.

அந்த ஜாரு எனக்கு வரவில்லை. அப்போதும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன், சொன்னால் கொஞ்சம் குளிர்ந்த மாதிரி இருக்கிறது.

சீக்கிரமே பேஜாருவின் வயிற்றுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. சுமாரான விஷயமென்றால் "லேசா காந்துது" என்பான். கொஞ்சம் நன்றாக இருந்தால் "எரியுது". தாங்க முடியாமல் போனால் "பத்திக்கினு எரியுது". அந்த மூன்றாவது நிலையில் அவனால் சாப்பிட முடியாது. சாயங்காலம் எல்லோருக்கும் ஆளுக்கொரு வடை உண்டு, மிளகாயில்லாத வடை. பேஜாரு தன் வடையைக் கொண்டுபோய், யாரால் எரிந்ததோ அவர் தட்டில் வைத்துவிட்டு, நேராக யு.கே.ஜி. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளேயிருந்து வயலின் கேட்டுக்கொண்டே இருக்கும். மறுநாள் காலையில் நந்தினியின் காம்போதி அவன் வயலினில் இருக்கும், ஜாரு சேர்த்து. அப்போது நந்தினி முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வயிறு எரிவதைச் சொல்லத் தெரியாது, பாவம். நன்னாருக்கு என்பாள்.

அவன் சங்கீதம் கற்றுக்கொண்ட முறையே அதுதான். யாரைப் பார்த்து எரிகிறதோ அவரிடமிருந்து எடுத்துக்கொள்வான். மற்றவர்கள் குருவிடம் கற்றார்கள், அவன் வயிற்றிடம் கற்றான்.

இது முகாமையே தலைகீழாக்கிவிட்டது. எவருக்கும் டீச்சர்களின் பாராட்டு தேவைப்படவில்லை. எல்லோரும் அந்த வடைக்காக வாசிக்க ஆரம்பித்தார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த மிருதங்கக்காரப் பையன் கார்த்திக், விடிவதற்குள் எழுந்து கைவலிக்க வலிக்க அடித்து, வரிசையாக வடை வாங்கினான். நந்தினிக்கு வடை அலுத்தே போய்விட்டது. டீச்சரம்மா ஒருநாள் எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஓரக்கண்ணால் பேஜாருவைப் பார்த்தார். அன்றைய வடை அவருக்குப் போனது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி, கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மனுஷர்களோடு நிற்கவில்லை. ஒருநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வெளியே ஒரு டிரெய்லர் லாரிக்காரர் ஹார்னை அழுத்தினார். பேஜாரு வில்லைக் கீழே வைத்தான். "அந்தர காந்தாரம். சுத்தமா கீது பாரு" என்று ஹார்னின் ஸ்வரத்தைச் சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினான். நாங்களும் பின்னால் ஓடினோம். லாரியின் கதவைத் தட்டி, டிரைவரிடம் இன்னொரு தரம் அடிக்கச் சொன்னான். டிரைவர் வடக்கத்திக்காரர். சாலையில் போகிறவர்களெல்லாம் ஹார்ன் அடிக்காதே என்று திட்டித்தான் பழக்கமே தவிர, அடி என்று கெஞ்சுகிற ஒருத்தனை அவர் பார்த்ததில்லை. சந்தோஷத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். முன்னால் நின்ற லாரிக்காரர்கள் வழிதான் திறந்துவிட்டது என்று நினைத்து அவர்களும் அடிக்க, எல்லையம்மன் கோயில் வரைக்கும் ஹார்ன் சத்தம். செயலாளர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார். பேஜாரு கண்ணை மூடிக்கொண்டு, கை வயிற்றின் மேல் இருக்க, ஆடாமல் நின்றான். அன்று சாயங்காலம் வரை வரிசை நகரவில்லை. வடை லாரிக்குப் போனது.

நந்தினி, கார்த்திக், டீச்சரம்மா, டிரெய்லர் லாரி. இனி நான் என் கதைக்கு வருகிறேன்.

என் முறை வந்தபோது தோடி வாசித்தேன். உயிரைக் கொடுத்து வாசித்தேன். முடித்துவிட்டு நேராக அவனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்தவன் மாதிரி நிம்மதியாக இருந்தான்.

"சோக்கா கீது காலடிப்பேட்டை" என்றான்.

அவன் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எல்லோரும் ஊர்ப் பெயர்தான். நங்கநல்லூரு, கும்மோணம், நான் காலடிப்பேட்டை. அது பரவாயில்லை. சோக்கா கீது என்றானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வேறு யார் சொல்லியிருந்தாலும் பாராட்டு. பேஜாரு வாயிலிருந்து வந்தால் அது பெயில் மார்க். அன்று சாயங்காலம் அவன் தன் வடையை எனக்கு எதிரில் உட்கார்ந்து, நிதானமாக, தூள்கூட மிச்சம் வைக்காமல் தின்றான்.

மறுநாள் வர்ணத்தை மூன்று காலத்திலும் வாசித்தேன். சோக்கா கீது. சஹானா வாசித்தேன், டீச்சரம்மா தலையாட்டினார், கார்த்திக் தொடையில் தட்டினான். சோக்கா கீது. பல்லைக் கடித்துக்கொண்டு, அவனுடைய சொத்தான அந்த ஜாருவையே வாசித்துப் பார்த்தேன். பாதி வழியில் என் விரல் மாட்டிக்கொண்டு கிறீச்சிட்டது. அப்போதாவது சிரித்திருக்கலாம். இல்லை, பக்கத்தில் வந்து, கட்டை விரலைத் தளர்த்திக்கொள்ளச் சொல்லிக் காட்டிக்கொடுத்தான். எதிர்க்கடைக்காரன் நம் கடைக்கு வந்து பெட்டி எடுத்து அடுக்கிக்கொடுத்தால் என்ன அர்த்தம்? நம் கடையால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று அர்த்தம். இரும்புக் கடையில் பிறந்தவளுக்கு இது தெரியாதா?

எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. நந்தினியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தட்டில் கிடக்கும் வடையைப் பார்த்தால் இன்னும். கார்த்திக் மிருதங்கத்துக்கு ரவை பூசுவதைப் பார்த்தாலே எழுந்து போய்விடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்த டிரெய்லர் லாரி. சாலையில் அதே நிறத்தில் ஒரு லாரி போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு ஹார்னுக்கு எரிந்த வயிறு எனக்கு எரியவில்லையே என்று எல்.கே.ஜி. வகுப்பில் கரடிப் படத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். நந்தினி வந்து, உனக்கு என் வடையைத் தரட்டுமா என்று கேட்டாள். அவளை நான் மன்னிக்க ரொம்ப நாள் ஆனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா முறுக்கு டப்பாவோடு பார்க்க வருவார். கேட்டுக்கு வெளியே நின்று ஒரே கேள்விதான் கேட்பார், எதிர்க்கடை எப்படி என்று. இன்னும் தெரியவில்லை என்று சொல்லிவைப்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, பி.காம். விண்ணப்பம் போட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போவார்.

முகாமின் கடைசி நாள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுக் கச்சேரி. நந்தினியின் பெரிய கச்சேரிக்கு வயலின் பேஜாரு என்று டீச்சரம்மா முடிவு செய்துவிட்டார். அதற்கு முன்னால் நான் தனியாகக் கொஞ்ச நேரம் வாசிக்கலாம், கார்த்திக் மிருதங்கம். எனக்கு மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் வயிற்றை எரிக்க வேண்டும், இல்லையென்றால் கடைக்குப் போக வேண்டும்.

அப்பா சாயங்காலம் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்தார். வந்தவர் முன் வரிசையில் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. இதில் யார் பேஜாரு என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேராகப் போய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் மேடையில் சுருதி சேர்த்துக்கொண்டு பார்க்கிறேன், என்னைப் பெற்ற தகப்பனார் என் பக்கமே திரும்பவில்லை. சரக்கு எடை போடுகிறவர் தராசு முள்ளைப் பார்ப்பாரே, அப்படி பேஜாருவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஹாக் ராகம் எடுத்தேன். ஆரம்பத்தில் நானும் முள்ளைத்தான் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான், ஒன்றும் தெரியவில்லை. பிறகு எப்போது மறந்தேன் என்று தெரியாது. கடல் காற்று வந்துவிட்டிருந்தது, வில் தானாகப் போனது, அடுத்து எங்கே என்று நான் யோசிப்பதற்குள் விரல் அங்கே போய் நின்றது. கார்த்திக் ஒரு இடத்தில் சிரித்தான். அன்று வாசித்த மாதிரி அதற்கு முன்னாலும் வாசித்ததில்லை, பின்னாலும் ரொம்ப முறை வாசித்ததில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் எல்லோரும் கைதட்டுகிறார்கள், அம்மா அழுகிறாள், அப்பா மட்டும் இன்னும் பேஜாருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் பல்.

நான் வயலினோடு மேடையிலிருந்து இறங்கி அவர்கள் பக்கத்தில் போவதற்குள் அப்பா கேட்டேவிட்டார்.

"தம்பி, உண்மையச் சொல்லணும். எம்மவ வாசிச்சதுல ஒனக்கு வயிறு எரிஞ்சுதா, இல்லையா?"

"இன்னாத்துக்கு நைனா எரியணும்?" என்றான் பேஜாரு. நிஜமாகவே அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "நங்கநல்லூரு பாட சொல்லோ எரியும். கும்மோணம் அடிக்க சொல்லோ எரியும். அதுங்க வேற ஊரு. இது நம்ம ஏரியா பொண்ணு. இது வாசிக்க சொல்லோ நானே வாசிக்கிற மாரி கீது. என்னிய பாத்து எனுக்கே வவுறு எரியுமா?"

சொல்லிவிட்டு, நந்தினி கூப்பிட்டாள் என்று வயலினை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டான். போகும்போது என் தோளில் தட்டி, சோக்கா இருந்திச்சி என்றான்.

நீங்களாக இருந்தால் மனம் நெகிழ்ந்திருப்பீர்கள். எனக்கு வந்தது ஆத்திரம். மே மாதம் முழுக்க மிளகாயில்லாமல் தின்று, விரல் நுனி காய்த்துப்போக வாசித்தது, இவன் ஏரியாப் பெண் என்று சலுகை வாங்குவதற்கா? எனக்கு அவன் பாசம் வேண்டியதில்லை, பொறாமைதான் வேண்டும். அதற்குள் அவன் மேடையில் அந்த ஜாருவை இறக்க ஆரம்பித்துவிட்டான். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், வேறு காரணத்துக்காக.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டரில் அப்பா சொன்னார், "எதிர்க்கடைன்னு சொன்ன. அவன் நம்ம கடைக்கு ஆள் கூப்பிடுதவன்லா." அவருடைய தராசில் இதற்கு எடைக்கல் இல்லை. எரிந்தால் ஒன்று, எரியாவிட்டால் இன்னொன்று என்று வைத்திருந்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் வியாபாரிக்கே உரிய முறையில் பாதிக்குப் பாதி தீர்த்துவைத்தார். பி.காமும் படி, வயலினும் வாசி, கடைக்கு வேண்டாம்.

பாதிக்குப் பாதி என்பது அப்படியே நடந்தது. இன்றைக்கு நான் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களில் கூட்டத்தோடு கூட்டமாகப் பின் வரிசையில் வயலின் வாசிக்கிறேன், மிச்ச நேரத்தில் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பேஜாரு பெரிய மேடைகளில் வாசிக்கிறான். வெளிநாடு போகிறான். டிசம்பரில் அவன் கச்சேரிக்கு டிக்கெட் கிடைப்பதில்லை. எனக்குக் கிடைக்கும், அவனே எடுத்துவைப்பான். ஒவ்வொரு வருஷமும் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வருஷமும் எரிந்து, முடிந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிடுவேன்.

போன டிசம்பரில் அப்படிப் போக முடியவில்லை. அவன் பெஹாக் வாசித்தான். என் பெஹாக். அன்று பந்தலில் என் விரல் தானாகப் போய் நின்ற இடங்களிலெல்லாம் அவன் விரலும் போய் நின்றது. இத்தனை வருஷமாக உள்ளே வைத்திருந்திருக்கிறான். அந்த இடங்களுக்கு நடுவே அவனுடைய ஜாரு. நான் வாசித்தபோது அவ்வளவு அழகாக இல்லை, அது எனக்குத் தெரியும்.

நேராக மேடைக்குப் பின்னால் போனேன். அவனைச் சுற்றிப் பட்டுப்புடவைகளும் ஜிப்பாக்களும். அருமை, பேஷ், தெய்வீகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எதிரில் நின்றேன்.

"பத்திக்கிட்டு எரியுதுடா" என்றேன்.

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். வாழ்க்கை முழுக்க அடுத்தவர்களுக்கு அவன் கொடுத்த பரிசு அல்லவா? ஆனால் அவன் முகம் வாடிவிட்டது. வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"மெய்யாலுமா? அப்ப நான் உனுக்கு வெளியாளா?"

வெளியாளைப் பார்த்துத்தான் வயிறு எரியும் என்பது அவனுடைய கணக்கு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கணக்கில் இத்தனை வருஷமாக நான் அவனை ஊருக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அந்த மே மாதத்திலிருந்து நான் மட்டும்தான் அடிபட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"போடா. வெளியாளா இருந்தா ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டு பஸ்ஸுக்குப் போயிருப்பேன். எங்க அப்பாவுக்கு ஊர்ல எவன் நல்லா இருந்தாலும் சந்தோஷம், சித்தப்பா கடைய மட்டும் பாத்தா ஆகாது. கூடப் பொறந்தவன்கிட்டதான் எங்க வீட்ல வயிறு எரியும். இது பங்காளிக் காய்ச்சல்டா."

பெண்பிள்ளையைப் பங்காளி என்று யாரும் சொல்வதில்லை. பேஜாரு அதைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. "பங்காளி" என்று ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, அங்கே நின்ற அத்தனை பெரிய மனிதர்களிடமும், "இது நம்ம பங்காளி, இந்த பெஹாக் இதோட வூட்டு சொத்து" என்று அறிமுகப்படுத்தினான். பட்டுப்புடவை மாமி ஒருவர், பங்காளி என்றால் அப்பா வழியிலா என்று கேட்டார். ஆமாம் என்றேன் நான்.

என் வயிறு இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவன் நன்றாக வாசிக்கிற வரைக்கும் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.